தேவ்னார் குப்பைமேட்டில் வீடா? மாஹிம் காட்டுக்குள் நின்று ஒரு பேச்சு

வணக்கம். குயில் கேட்கிறதா? பின்னால் உறுமுவது பாந்த்ரா–சயான் இணைப்புச் சாலை. 90 அடி சாலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தே மும்பை மாஹிமில் இருக்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்கு வந்துவிட்டேன். தாராவியில் பிறந்தவனுக்கு இதுதான் பக்கத்துக் காடு.

இந்த 37 ஏக்கரும் 1977 வரை குப்பைமேடு. அப்புறம் மூடி, மேலே மண் பரப்பி, மரம் வைத்தார்கள். 1983-இல் முதல் மரத்தை நட்டது பறவையியலாளர் சலீம் அலி. பூங்காவாகத் திறந்தது 1994-இல். அவசரமே படவில்லை, பாருங்கள்.

கேமராவைக் கீழே இறக்குகிறேன். மழை அரித்த ஓரம், இந்த வேருக்குப் பக்கத்தில். கண்ணாடிச் சில் ஒன்று, பீங்கான் கோப்பையின் காது ஒன்று. தொட வேண்டாம், கையைக் கிழிக்கும். அந்தக் காலத்துக் குப்பையில் பிளாஸ்டிக் குறைவு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சரி, எதற்கு இன்று இங்கே? தாராவிக் குடிசைகளை இடித்துப் புதுக் கட்டடங்கள் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில், தாராவிக்குள்ளேயே வீடு பெற 'தகுதியில்லாதவர்கள்' என்று ஒரு பட்டியல் வருகிறது. மாடியில் குடியிருப்பவர்கள், 2000-க்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். இவர்களுக்கு வீடு கட்ட 2024-இல் மும்பையின் தேவ்னார் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கரை மாநில அரசு ஒதுக்கியது. என் அத்தை இருப்பது மாடியில்.

தேவ்னார் 1927 முதல் குப்பை வாங்குகிறது. 2016 ஜனவரியில் அது எரிந்தபோது கிளம்பிய புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தீ ஏன் அணையவில்லை? காற்றுப் புகாமல் மக்கும் ஈரக்குப்பை மீத்தேனை விடும், அது அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் அடித்தால் மேல்தோல்தான் நனையும். மழைநீர் குப்பைக்குள் இறங்கி, உலோகம், ரசாயனம் எல்லாவற்றையும் கரைத்துக் கறுப்பாய்க் கசியும். பக்கத்திலேயே தாணே கழிமுகம், சதுப்புநிலக் காடு. இதெல்லாம் போக, மக்க மக்க மேடு உள்வாங்கும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். மரம் சாய்ந்தால் சாய்ந்துவிட்டுப் போகட்டும். ஏழு மாடிக் கட்டடம்?

மூடிய குப்பைமேட்டின் மேல் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 வழிகாட்டுதலே சொல்கிறது. அரசுத் தரப்பு பதில், பழைய குப்பையைத் தோண்டி எடுத்த பிறகுதானே கட்டப்போகிறோம் என்பது. நியாயமான பதில்தான், எடுத்து முடித்தால். குப்பையைக் கிளறி, காயவைத்து, சலித்து, மண், பிளாஸ்டிக், கல் என்று பிரிக்கும் வேலை அது.

இங்கேதான் நான் கால்குலேட்டரை எடுத்தேன். தேவ்னாரில் கிடப்பது 185 லட்சம் டன், 2025-இல் மாநகராட்சி விட்ட டெண்டரில் கெடு மூன்று வருடம். ஒரு நாள் விடாமல் வேலை நடந்தாலும் தினம் கிட்டத்தட்ட 17,000 டன். மும்பை மழையில் ஈரக்குப்பையைச் சலிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். மும்பையின் இன்னொரு குப்பைமேடு முலுண்ட். 2018-இல் மூடிய அந்த மேட்டில் இருந்தது 70 லட்சம் டன்தான். ஆறு வருடத்தில் முடிப்போம் என்றார்கள். 2024 போன பிறகும் முடியவில்லை. அதனால் இந்த மூன்று வருடக் கணக்கை என்னால் நம்ப முடியவில்லை.

அடியில் இருக்கும் மண்ணையும் நிலத்தடி நீரையும் யார் சோதிப்பார்கள், அந்த அறிக்கை மக்கள் கைக்கு வருமா? கூட்டம் போட்டால் நான் கேட்கப்போவது இவ்வளவுதான். அத்தையிடம் இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அங்கே ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமாடா?" என்றார்.

காவலர் விசில் ஊதுகிறார், பூட்டப்போகிறார்கள் போல. கிளம்புகிறேன்.