முகமூடிக்குள் ஒரு குரல்

நேயர்களுக்கு வணக்கம். பேட்மேன் படத்து வில்லனைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். வானொலிக்கென்றே செய்த வில்லன் அவன் என்றேன். படம் முழுக்க அவன் மூக்கையும் வாயையும் ஒரு முகமூடி மூடியிருக்கும். நமக்குக் கிடைப்பது இரண்டு கண்ணும் ஒரு குரலும்தான்.

கிறிஸ்டோபர் நோலன் எடுத்த மூன்று பேட்மேன் படங்களில் கடைசிப் படம், 2012இல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்'. வில்லன் பெயர் பேன். தமிழில் எழுதினால் தலையில் ஊறுவதுதான் நினைவுக்கு வரும். அதனால் பேய்ன் என்று கொஞ்சம் இழுத்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடித்தவர் டாம் ஹார்டி. முந்தைய படத்தில் ஜோக்கராக வந்த ஹீத் லெட்ஜரோடு அவரை ஒப்பிடாதவர்கள் இல்லை. எனக்கு அதில் விருப்பமில்லை. என் பிரச்சினையே வேறு.

நான் பல வருஷம் ஊர்த் திருவிழாக்களுக்கு மைக் செட் போட்டவன். ஒரு வருஷம் நாடகத்தில் எமன் வேஷக்காரர் அட்டையில் செய்த முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு மேடையேறிவிட்டார். வசனம் ஒன்றும் வெளியே வரவில்லை. நான் சத்தத்தைக் கூட்டினேன், மைக் ஊளையிட்டது. குறைத்தேன், எமன் முணுமுணுத்தார். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "எமன் முணுமுணுத்தா எவன்டா பயப்படுவான்?" என்று கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது. பாட்டிக்கு மைக் தேவைப்படவில்லை.

நோலனுக்கும் அதே சங்கடம் வந்தது. 2011 டிசம்பரில் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் ஐமேக்ஸ் திரையரங்குகளில் முன்கூட்டிக் காட்டினார்கள். பேய்ன் பேசுவது புரியவில்லை என்று ஒரே புகார். பிறகு முழுப் படம் வந்தபோது அவன் குரல் மற்ற சத்தங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றது. அவன் அந்தப் பக்கம் நிற்பான், குரல் நம் காதருகே ஒலிக்கும். மைக் செட்காரன் கண்ணுக்கு, மன்னிக்கவும், காதுக்கு, அது தப்பாமல் தெரியும். ஆனாலும் அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. பெரியவர் ஒருவர் பேரனுக்குக் கதை சொல்வதுபோல நிதானமாக, கொஞ்சம் குஷியாகக்கூட இருக்கும். அந்தக் குஷிதான் பயமுறுத்தும்.

சாக்கடைச் சுரங்கத்தில் பேட்மேனும் பேய்னும் முதன்முதலாக மோதும் காட்சியில் பின்னணி இசையே கிடையாது. தண்ணீர் கொட்டுகிற சத்தம், குத்து விழுகிற சத்தம், நடுநடுவே இவன் பேச்சு. பேட்மேன் இருட்டுக்குள் ஒளிகிறான். இருட்டு உனக்குப் பழகியது, எனக்கோ பிறந்த வீடு என்கிற அர்த்தத்தில் பேய்ன் ஏதோ சொல்கிறான். அப்புறம் தூக்கி முழங்காலில் போட்டு முதுகை முறிக்கிறான். 1993இல் காமிக்ஸில் அவன் அறிமுகமான அதே வருஷம் பேட்மேனின் முதுகை முறித்தவன்தான். படம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை.

சரி, நாயகன். கிறிஸ்டியன் பேல். உடையோடு வரும் பேட்மேன்மீது எனக்குப் பெரிய ஈடுபாடில்லை. உடையில்லாமல், முதுகு ஒடிந்து, பேய்ன் கொண்டுபோய்த் தள்ளிய கிணறு மாதிரியான பாதாளச் சிறையில் கயிற்றில் தொங்கவிடப்பட்டிருக்கும் புரூஸ் வெய்ன்தான், அதாவது பேட்மேனின் நிஜ ஆள்தான், என் நாயகன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றுச் சுவரில் ஏறுகிறான், விழுகிறான். மறுபடி ஏறுகிறான், மறுபடி விழுகிறான். சாவுக்குப் பயப்படாததுதான் உன் கோளாறு என்கிறார் ஒரு கிழவர். கயிறில்லாமல் ஏறுகிறான். அந்தத் தாவலைப் பத்து தடவை பார்த்திருப்பேன், பத்து தடவையும் கை வேர்த்தது. வெளியே வந்ததும் கீழே இருக்கும் கைதிகளுக்குக் கயிற்றைத் தள்ளிவிட்டுப் போகிறான். பின்னால் தெரிவது நம் ஜோத்பூரின் மேஹ்ரான்கர் கோட்டை! அங்கே போய்த்தான் அதைப் படமெடுத்தார்கள்.

அங்கிருந்து, கையில் காசில்லாமல், பாலங்கள் தகர்ந்து சுற்றிலும் அடைபட்ட நகரத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தான்? படம் சொல்லாது. பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் ஊர் திரும்பியவர்களுக்கு அந்தக் கேள்வி உறுத்தும்.

என் நிஜமான வருத்தம் கடைசியில் இருக்கிறது. படம் பார்க்காதவர்கள் இரண்டு நிமிஷம் காதைப் பொத்திக்கொள்ளலாம். இத்தனை நேரம் நாம் பயந்த ஆள் முதலாளியே இல்லை, வேறொருத்திக்குக் காவல் நின்றவன் என்று சொல்லிவிடுகிறார்கள். அவள் பழைய கதையைச் சொல்லச் சொல்ல, முகமூடிக்கு மேலே அவன் கண் கலங்குகிறது. கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஹார்டி அதைச் செய்கிறார். அந்த இடத்துக்காகத் திருப்பத்தை மன்னிக்கலாமா என்று யோசிப்பதற்குள், பூனைப்பெண் என்கிற திருடி வண்டியில் வந்து ஒரே வெடியில் ஆளை முடித்துவிடுகிறாள். எமனுக்கே ஒரு வரி விடைபெறும் வசனம் கொடுப்போம், எங்கள் நாடகத்தில்.

பூனைப்பெண்ணாக வந்த ஆன் ஹாத்வே பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிஷமாம். அப்படியானால் ஹான்ஸ் ஜிம்மர் இசைக்கும் நேரமில்லை. சிறைவாசிகள் சேர்ந்து கோஷம் போடுகிறார்களே, அதற்காக இணையத்தில் அறிவிப்பு விட்டு ஊர் பேர் தெரியாத பலரிடமிருந்து குரல்களைப் பதிந்து வாங்கினார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை பார்க்கும்போது அந்த இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஊளையிடாத அளவுக்கு. வணக்கம்.