புதிய ஸ்மார்ட்போனில் கேட்கும் ஓசைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக வெளிவந்த ஸ்மார்ட்போன் ஒன்றை ஆசையோடு வாங்கிக் காதருகே வைக்கும்போது, ‘கொய்ங்’ என்ற மெல்லிய ரீங்காரமோ, கடிகாரம் ஓடுவது போன்ற ‘டிக் டிக்’ ஒலியோ கேட்டால், அதை ஒரு குறையாகச் சொல்லவே பலர் தயங்குகிறார்கள். துணிந்து சொன்னாலும், “புது மாடல் எல்லாம் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏதோ ஒரு பாகம் அசைந்தால்தான் ஓசை பிறக்கும். எந்தப் பாகம் அசைகிறது, அது அசைய வேண்டிய பாகம்தானா என்பதை வாங்கியவருக்கு விளக்கும் கடமை விற்றவருக்கு உண்டு.

2017-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் கூகுள் நிறுவனத்தின் பிக்சல் 2 போன் விற்பனைக்கு வந்தது. வாங்கிய சில நாட்களிலேயே, பேசும்போது காதருகே உள்ள ஸ்பீக்கரிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலியும், சிலருக்குக் கூர்மையான கீச்சொலியும் கேட்பதாகப் புகார்கள் எழுந்தன. அந்த ‘டிக்’ ஒலியைத் தற்காலிகமாக நிறுத்த, என்.எஃப்.சி. வசதியை அணைத்து வைக்கலாம் என்று கூகுள் யோசனை கூறியது. சில வாரங்களில் மென்பொருள் திருத்தம் வரும் என்றும் அறிவித்தது. என்.எஃப்.சி. என்பது பணம் செலுத்தும் கருவியின் அருகே போனைக் காட்டும்போது வேலை செய்யும் குறுந்தொலைவு அலைவசதி. அருகில் அட்டையோ கருவியோ இருக்கிறதா என்று அறிய, அது குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை அணைத்தால் ஓசை நிற்கிறது என்றால், அந்தத் துடிப்பு எவ்வழியாகவோ ஒலிச்சுற்றுக்குள் கசிந்திருக்கிறது என்று கருதவே இடமிருக்கிறது. அதே சமயத்தில் பெரிய மாடலான பிக்சல் 2 எக்ஸ்.எல். போனின் திரையைப் பற்றியும் புகார்கள் குவிந்தன. இரண்டு போன்களுக்குமான உத்தரவாதக் காலத்தை நிறுவனம் இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. உத்தரவாதத்தை நீட்டியது நல்ல செயல் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு வசதிக்காகவும் பணம் கொடுத்தவரிடம், அந்த வசதியை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, ஓரிரு வாரங்களுக்கே ஆனாலும், நியாயமான தீர்வு ஆகாது.

இத்தகைய கசிவு வானொலி நேயர்களுக்குப் புதிதல்ல. பழைய செல்போனை வானொலிப் பெட்டியின் அருகில் வைத்திருந்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே பெட்டியில் ‘டர்ர் டர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் செல்போன்கள் பயன்படுத்திய ஜி.எஸ்.எம். என்ற தொடர்பு முறையில் போன் தொடர்ச்சியாக அலைபரப்புவதில்லை, ஏறத்தாழ 4.6 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குச் சுமார் 217 முறை, விட்டு விட்டு அனுப்புகிறது. அலைவரிசை நம் செவிக்கு எட்டாத உயரத்தில் இருந்தாலும், வினாடிக்கு 217 முறை என்ற அந்தத் துடிப்பு செவிக்கு நன்றாகவே எட்டும். வானொலியின் பெருக்கி அந்தத் துடிப்பைப் பிடித்து ஒலியாக்கிவிடுகிறது. இன்றைய போனில் ஆன்டெனாவும் ஒலிப்பெருக்கியும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் அடைந்து கிடக்கின்றன. அலைகளைத் தடுக்கும் காப்புத் தகடும் தரை இணைப்பும் சரியாக அமையாவிட்டால், அன்று வெளியே நிகழ்ந்தது இன்று போனுக்குள்ளேயே நிகழும்.

ஸ்பீக்கர் சம்பந்தமே இல்லாமல், மின்பாகங்களைத் தாங்கும் பலகையான மதர்போர்டே பாடுவது இன்னொரு வகை. 2016 செப்டம்பரில் ஐபோன் 7 வெளிவந்தபோது, கனமான வேலைகளைச் செய்கையில் அதன் பின்புறத்திலிருந்து மெல்லிய சீறல் ஒலி கேட்பதாகச் சிலர் பதிவுசெய்து காட்டினார்கள். இவ்வகை ஓசைக்குப் பொதுவாகக் காரணமாவது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மதர்போர்டில் மின்னூட்டத்தைச் சேமித்து வழங்கும், கடுகளவுகூட இல்லாத பீங்கான் மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட் என்ற பொருளை மிக மெல்லிய அடுக்குகளாக வைத்துச் செய்யப்பட்டவை. மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் இந்தப் பொருள் மிக நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கும். தனியாக விட்டால் அந்த அசைவின் ஓசை யாருக்கும் கேட்காது. ஆனால் உலோகப் பற்றால் பலகையோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வீணையின் தந்தி அதிர்வைக் குடம் பெரிதாக்குவது போலப் பலகை அதைப் பெரிதாக்குகிறது. மின்சுருள்களும் தம் பங்குக்கு அதிரும்.

போன் கடுமையாக உழைக்காமல் சும்மா இருக்கும்போதும் ஏன் இந்த ரீங்காரம் கேட்கிறது என்று சிலர் வியப்பதுண்டு. வழக்கமான வேலையின்போது மின்வழங்கு சுற்றுகள் வினாடிக்குப் பல லட்சம் முறைக்கு மேல் திறந்து மூடும். அந்த வேகம் மனிதச் செவியின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு, மிக அப்பாற்பட்டது. வேலை குறைந்ததும், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக அவை விட்டு விட்டு இயங்கத் தொடங்குகின்றன. அந்த விட்டுவிட்டு இயங்கும் வேகம் செவியின் எல்லைக்குள் வந்து விழுந்தால், இரவில் தலையணைக்கு அருகே வைத்த போன் கொசுவைப் போல ரீங்கரிக்கும்.

இதைத் தவிர்க்க வழியில்லை என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. பலகையின் இரு பக்கங்களிலும் மின்தேக்கிகளை நேருக்கு நேராக அமைத்தால் ஒன்றின் அதிர்வை மற்றொன்று பெரிதும் தணித்துவிடும்; ஓசை குறைந்த மின்தேக்கிகளை ஜப்பானின் முராட்டா உள்ளிட்ட நிறுவனங்கள் தனியாகவே தயாரித்து விற்கின்றன. இடமும் செலவும் சற்றுக் கூடும், அவ்வளவுதான். தடிமனை ஒரு மில்லிமீட்டர் குறைத்ததைப் பெருமையாக விளம்பரம் செய்யும் நிறுவனம், அதற்காக எதை விட்டுக்கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் கோரிக்கை.

எல்லா ஓசையும் குறையின் அடையாளம் ஆகிவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். போனை லேசாகக் குலுக்கினால் கேமரா பகுதியில் ‘கட கட’ என்று கேட்கிறதா? கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க, லென்ஸையோ படத்தைப் பதியும் உணரியையோ காந்தமும் சுருளும் கொண்டு மிதக்க விட்டிருக்கிறார்கள். கேமரா இயங்காதபோது அதைப் பிடித்து நிறுத்த விசை இல்லாததால் அது சற்றே ஆடுகிறது. இது இயல்பான ஓசை. ஆனால் கேமராவைத் திறந்த பிறகும் அந்தச் சத்தம் தொடர்ந்தால் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. 2022 செப்டம்பரில் ஐபோன் 14 ப்ரோ வெளிவந்தபோது, வெளியாரின் சில செயலிகளில் கேமராவைத் திறந்தவுடன் லென்ஸ் வெறிபிடித்தாற்போல் அதிர்ந்து, அந்த உராய்வு காதிலும் விழுந்தது. ஆப்பிள் ஒரு வாரத்துக்குள் ஐ.ஓ.எஸ். 16.0.2 என்ற திருத்தத்தை வெளியிட்டது. இதே வகை நுண்பாகங்களைப் பற்றித்தான், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் போனை நேரடியாகப் பொருத்தினால் நாளடைவில் கேமரா கெடக்கூடும் என்று 2021-இலேயே அந்த நிறுவனம் எச்சரித்திருந்தது. வண்டியின் கைப்பிடியில் போனை மாட்டி வழி பார்த்துச் செல்லும் நம் ஊர் விநியோக ஊழியர்களில் எத்தனை பேரின் காதுக்கு அந்த எச்சரிக்கை எட்டியிருக்கும் என்பதே என் கவலை.

மென்பொருள் திருத்தத்தால் சரியாகும் குறைகள் உண்டு. லென்ஸை அசைக்கும் மோட்டாருக்குத் தவறான கட்டளை செல்வதையும், பெருக்கியின் அளவு மிகுந்திருப்பதையும் அதனால் மாற்ற முடியும். ஐபோன் 8-இல் காதருகே கேட்ட கரகரப்பு 2017-இல் அவ்வாறே சரிசெய்யப்பட்டது. கிழிந்த ஸ்பீக்கர் சவ்வையும், விட்டுப்போன பற்றையும் எந்த மென்பொருளும் ஒட்டிவிடாது. ஐபோன் 12-இல் சில போன்களின் காதொலிப் பாகமே பழுதானபோது, 2021 ஆகஸ்டில் ஆப்பிள் அதை இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. ஆகவே, “அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்” என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், எந்தப் பாகத்தில் குறை, அதை அப்டேட் எப்படிச் சரிசெய்யும் என்று கேளுங்கள். அந்தப் பதிலை வேலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

புதுப் போன் வந்த அன்றிரவே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்தும் கூட்டியும், சார்ஜரில் இட்டும் எடுத்தும் காதருகே வைத்துக் கேளுங்கள். பல இணைய விற்பனைத் தளங்கள் மாற்றித் தருவதற்குக் கொடுக்கும் அவகாசம் ஒரு வாரம்தான். வீட்டில் இளையவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். வயது ஏற ஏற உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகள் நம் செவியை விட்டு நழுவிவிடுகின்றன. மகள் கேட்ட கீச்சொலி, இரைச்சல் மிகுந்த சர்வீஸ் சென்டரில் நடுவயது ஊழியருக்கு உண்மையிலேயே கேட்காமல் போகலாம். அதனால் வேறொரு போனில், அழைப்பின் வழியாக அல்லாமல் ஒலிப்பதிவுச் செயலியிலேயே பதிவுசெய்து கொண்டு செல்லுங்கள். அழைப்புகளில் இரைச்சலை நீக்கும் வசதி அந்த ஓசையையும் சேர்த்து நீக்கிவிடும். அழுத்தும்போது பின்மூடி முன்பில்லாத வகையில் நெறுநெறுத்தால், அல்லது திரை ஓரத்தில் எழும்பினால், பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதை மேலும் அழுத்திப் பார்க்காமல், சார்ஜில் இடாமல், உடனே கொண்டு சென்று காட்டுங்கள்.

“ஓசை வந்தாலும் செயல்பாட்டுக்குப் பாதிப்பில்லை” என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் இயங்காமல் போவதை மட்டும் குறைபாடு என்று வரையறுக்கவில்லை. தரத்திலும் தரநிலையிலும் உள்ள பிழையையும் பற்றாக்குறையையும் அது குறைபாடாகவே கருதுகிறது. பில்லும் வேலைச் சீட்டும் ஒலிப்பதிவும் கையில் இருக்க, நிறுவனம் செவிசாய்க்கவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

வணக்கம்.