இன்ஜின் நின்ற பிறகு

அன்பான வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்த காலத்திலிருந்தே மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளை நாட்டுப்படகில் அழைத்துக்கொண்டு ஓங்கல் பார்க்கப் போய்வருகிறேன். டால்பினை நம் கடற்கரையில் ஓங்கல் என்றுதான் சொல்வோம். பெரிய திமிங்கிலத்தைத் தேடுகிறவர்கள் இலங்கையில் கற்பிட்டிக்கும் மிரிஸ்ஸாவுக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் சரி, சிறிய படகு என்றால் தயாராகும் முறை ஒன்றுதான்.

எல்லோரும் என்னிடம் கேட்பது, எந்தக் கேமரா நல்லது என்று. நான் திருப்பிக் கேட்பது, காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வருவீர்கள் என்று. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மாசிக் கடைசி. வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் என்கிற மேல்காற்று இன்னும் கிளம்பாத நாட்கள். தென்கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்கிற ஊர் நம்முடையது. அந்த ஆண்கடலே அன்றைக்கு அடங்கிக் கிடந்தது. படகோட்டி என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஏழு மணி இருக்கும். ஒன்றும் சொல்லாமல் இன்ஜினை நிறுத்தினார். காதருகே கையை வைத்துக் காட்டினார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இடப்பக்கம், சைக்கிள் டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்டதுபோல் 'புஸ்' என்று ஒரு சத்தம். அதை ஒட்டியே இன்னொன்று, மிகச் சிறியது. "பெரிய மூச்சு தாயுடையது சார், சின்ன மூச்சு குட்டியுடையது. சத்தம் வந்த பக்கமே பாருங்கள், முதுகு தானாகத் தெரியும்" என்றார் அண்ணன். தெரிந்தது. சாம்பல் நிறத்தில் இரண்டு முதுகுகள், ஒன்றின் விலாவில் ஒன்று ஒட்டிக்கொண்டு.

அந்த நேரத்தில்தான் பின்னால் இருந்த மாணவிக்கு வாந்தி வந்தது. இன்ஜின் நின்றால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். மேலே அலையே இல்லாவிட்டாலும் அடியில் ஓர் ஏற்ற இறக்கம் இருந்துகொண்டே இருக்கும். படகு தொட்டில்போல் உருளும். ஓடும்போது நன்றாக இருந்தவர்கள்கூட நின்றதும் துவண்டுவிடுவார்கள். வேறு வழியில்லாமல் இன்ஜினைப் போட்டுத் திரும்பினோம். தாயும் குட்டியும் அத்தோடு சரி. வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது என்று யாரோ சொல்லி, அந்தப் பிள்ளை ஒன்றுமே சாப்பிடாமல் வந்திருந்தாள். கேட்காமல் கூட்டிப்போனது என் தவறு.

ஆகவே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, படகு ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்; குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார ஆசை வரும். அங்கேதான் தூக்கிப் போடுவது அதிகம். நடுவில் உட்காருங்கள். டீசல் புகை வரும் பக்கம் வேண்டாம். செல்போன் திரையைக் குனிந்து பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

பெண்கள் பலர், படகில் ஒதுங்க இடமில்லை என்று முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். வெயிலில் தலைவலியும் மயக்கமும் இதனால்தான். இதைப் பேசக் கூச்சப்பட வேண்டாம். விடியலில் கிளம்பி எட்டரைக்குள் கரை சேரும்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணம் என்றால், மறைப்புத் துணியும் வாளியும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் வைப்பார்கள்.

இவ்வளவும் எதற்கு? இன்ஜின் நின்ற பிறகு அரைமணி நேரம் சலனமில்லாமல் உட்காருவதற்கு. திமிங்கிலமும் நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிடுகிற உயிர். மேலே வந்தே ஆக வேண்டும். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, ஒன்பது மீட்டர் உயரம்வரைகூட எழும்பும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூக்குத் துளை தலையின் இடப்பக்கம் இருப்பதால், மூச்சு இடப்பக்கமாக முன்னோக்கிச் சாயும். ஒரு மைல் தூரத்திலிருந்தே எது என்று சொல்லிவிடலாம். துரத்தினால் முங்கிவிடும். எண்ணெய்த் திமிங்கிலம் முங்கினால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராது. பல நாடுகளில் 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள்" என்று படகோட்டியைக் கெஞ்சாதீர்கள். தயவுசெய்து கெஞ்சாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அரசு அதற்கென்றே காப்பகமாக அறிவித்தது. கடற்புல் மேயும் அந்தக் கூச்ச உயிரைத் தேடிப் படகில் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. கரை ஒதுங்கிய ஓங்கலையோ திமிங்கிலத்தையோ கண்டால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்; உடம்பை ஈரமாக வையுங்கள், மூச்சுத் துளையில் தண்ணீர் போகக் கூடாது, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. உயிர்காப்புச் சட்டையின் வாரைக் கரையிலேயே இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தொப்பிக்கும் ஒரு கயிறு.

வணக்கம்.