அட்மின் பூட்டு போட்டா திருட்டு நின்னுடுமா?

வணக்கம்ங்க. வேலூர் சத்துவாச்சாரியில எங்க ஏரியா வாட்ஸாப் குரூப்புக்கு நான்தான் அட்மின், அதனாலதான் குரூப்புல திருட்டு பத்தி பேசலாமா கூடாதான்னு இன்னிக்கு பேசக் கூப்பிட்டிருக்காங்க, மத்தபடி ரிட்டயர்டு ஆயி வீட்ல சும்மா உக்காந்துகினு இருக்கற ஆளு நான்.

போன குளிர்ல குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு. சைக்கிள்ல கம்பளி வெச்சிகினு விக்கற வடநாட்டுப் பையன். கீழ "செயின் அறுத்தவன் இவன்தான், பாத்தா விடாதீங்க"ன்னு இருக்கு. எந்தத் தெரு, எத்தனை மணி, யாரோட செயின், ஒண்ணும் கெடையாது. அரை மணி நேரத்துல டீக்கடை கிட்ட நாலஞ்சு பசங்க அவனை மடக்கிட்டானுங்க. லுங்கியோட ஓடிப் போயி பாத்தா அந்தப் பையன் ஆதார் கார்டை ரெண்டு கையாலயும் நீட்டிகினு நிக்கறான், கை நடுங்குது, ஒருத்தனும் வாங்கிப் படிக்கல.

எனக்கு அத்திமூர்தான் ஞாபகம் வந்துச்சு. நம்ம பழைய வடார்க்காடுதான், போளூர் பக்கம். 2018 மே மாசம் குலதெய்வம் கோயிலுக்கு கார்ல வந்த குடும்பம், வழியில கொழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க, புள்ளை புடிக்கறவங்கன்னு ஊர்க்காரங்க அடிச்சதுல 65 வயசு அம்மா செத்தே போயிட்டாங்க. எல்லாம் ஃபார்வர்டு பண்ண வேலை. அந்த வருசம் நாட்டுல பல இடத்துல இப்படி நடந்தப்பறம் ஜூலையிலதான் ஒரு மெசேஜை அஞ்சு சாட்டுக்கு மேல ஒரே தடவைல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸாப் கம்பெனி இந்தியாவுக்கு கட்டுப்பாடு வெச்சுது.

அந்த பயத்துல திருட்டு பத்தி யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு குரூப்பையே அட்மின் மட்டும் பேசற மாதிரி பூட்டிட்டேன். எவனாவது ஏடாகூடமா போட்டா அட்மினைத் தூக்கிடுவாங்கன்ற பயமும் சேந்துகிச்சு. மெம்பர் போட்டதுக்கு அட்மின் பொறுப்பில்லன்னு கேரளா ஹைகோர்ட்டு 2022லயே சொல்லியிருக்கறது அப்ப எனக்குத் தெரியாதுங்க.

பூட்டின இருவதாவது நாள், பின் தெரு அக்கா வந்து வாசல்ல நின்னுட்டாங்க. போர் மோட்டார் ஒயரை ராத்திரி அறுத்துகினு போயிட்டானுங்க, காப்பராச்சே, வெலை போவுது. "அதே வாரத்துல மூணு வூட்ல போயிருக்கு, எனக்கு தெரிஞ்சிருந்தா லைட்டாச்சும் போட்டு வெச்சிருப்பேன், நீதான எங்க வாய அடைச்சே"ன்னாங்க. நான் இன்னா சொல்றது?

அப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 2021 டிசம்பர்ல நம்ம வேலூர் தோட்டப்பாளையம் நகைக்கடையில சுவத்துல ஓட்டை போட்டு கிலோ கணக்குல நகை போச்சே, திருடன் சிங்க முகமூடி போட்டுகினு வந்தது கேமராவுல இருந்துச்சு, நகையெல்லாம் ஒடுகத்தூர் சுடுகாட்டுல புதைச்சு வெச்சிருந்து எடுத்தாங்க. ஊரே அதையே பேசிகினு இருந்தோம், அந்த முகமூடியைக் காட்டி எந்த வெளியூர்க்காரனையும் யாரும் மடக்கல. சிங்க மூஞ்சியை வெச்சு யாரைப் புடிக்கறது? பிரச்சனை பேச்சுல இல்ல, நாமளா புடிச்சு ஒட்டற மூஞ்சியிலதான் இருக்குன்னு எனக்கு அப்பதான் ஒறைச்சுது.

இப்ப குரூப்பை தொறந்துட்டேன். தெரு, நேரம், போன பொருள், புகாருக்கு ஸ்டேஷன்ல குடுத்த ரசீதோட சிஎஸ்ஆர் நம்பர், இதை தாராளமா போடலாம். ஆளோட போட்டோ, ஜாதி, மதம், எந்த ஊர்க்காரன், இது வந்தா உடனே டெலிட். கொழந்தைங்க சம்பந்தப்பட்ட கேஸ்ல பேரு, வீடு, ஸ்கூல் எதுவும் கூடாது, பாலியல் குற்றத்துலேர்ந்து கொழந்தைங்களைக் காக்கற போக்சோ சட்டத்துலயே அந்த மாதிரி கேஸுக்கு தடை இருக்கு.

மொதல்ல போட்டது அந்த அக்காதான். ஒயர் இன்னும் கெடைக்கல. அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியிலேர்ந்து பாத்தேன், பின் தெருவுல ஏழு வாசல்ல லைட் எரிஞ்சிகினு இருந்துச்சு.