பி.எஃப். பணம் கைக்கு வருமுன்: நிதி ஆலோசகருக்குக் கட்டணம் கொடுக்கலாமா?

[காட்சி: அம்பத்தூர் தொழிற்பேட்டை. மாலை ஷிப்ட் முடிந்து ஊழியர்கள் வெளியே வருகிறார்கள்.]

வணக்கம். இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 25 ஆண்டுகளாகப் பணிபுரியும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது 55. இன்னும் மூன்று ஆண்டுகளில், 58 வயதில், ஓய்வு பெறப்போகிறார். ஆவடியில் கடன் அடைத்து முடித்த ஒரு சொந்த வீடு இருக்கிறது. மாதச் செலவு 35,000 ரூபாய். பணத்தை நிர்வகிக்க நிதி ஆலோசகர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாமா, அல்லது அது வீண் செலவா என்பதே அவருடைய கேள்வி.

[திரையில்: வருங்கால வைப்பு நிதி 48 லட்சம். பணிக்கொடை 7.27 லட்சம். மியூச்சுவல் ஃபண்ட் 12 லட்சம்.]

முதலில் அவருடைய கணக்கைப் பார்ப்போம். ஓய்வு பெறும்போது வருங்கால வைப்பு நிதியில் 48 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கும் என்று கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 45,000 ரூபாயாக இருந்தால், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த மாதத் தொகையில் 26-ல் 15 பங்கு என்ற விதிப்படி, 28 ஆண்டுப் பணிக்கு அவருக்குக் கிடைக்கும் பணிக்கொடை ஏறத்தாழ 7,27,000 ரூபாய். மியூச்சுவல் ஃபண்டில் உள்ள 12 லட்சத்தையும் சேர்த்தால் மொத்தம் 67 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ். தரும் ஓய்வூதியம் உண்டுதான், ஆனால் அது 15,000 ரூபாய் என்ற சம்பள உச்சவரம்பை வைத்துக் கணக்கிடப்படுவதால், உயர் ஓய்வூதியத்துக்கு விருப்பம் தெரிவித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் சிறு தொகையாகவே இருக்கும். இவருக்கு மாதம் 5,000 ரூபாய் அளவில் வரும். ஆகவே, இந்த 67 லட்சம்தான் அடுத்த 25 அல்லது 30 ஆண்டுகளுக்கு அவருக்கும் அவருடைய மனைவிக்கும் சோறு போட வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலோசகர் வேண்டுமா என்று இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இவருக்கு ஆலோசனை சொல்லப் பலர் தயாராக இருக்கிறார்கள். வைப்பு நிதிப் பணம் கணக்கில் ஏறிய மறுநாள், அதுவரை பெயர்கூடத் தெரியாத வங்கி அதிகாரி தொலைபேசியில் அழைத்து, ஐந்து ஆண்டு மட்டும் பிரீமியம் கட்டினால் போதும் என்று ஒரு காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவார். பல ஆண்டுகளாக வீட்டுக்கு வந்துபோகும் காப்பீட்டு முகவரும், மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரும், சொந்தக்காரர்களில் பங்குச் சந்தை தெரிந்த ஒருவரும் வரிசையில் நிற்பார்கள். இவர்களில் யாரும் கட்டணம் கேட்பதில்லை என்பதாலேயே இவர்களுடைய ஆலோசனை இலவசம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, எனக்கு ஆலோசனை சொல்பவருக்குப் பணம் கொடுப்பது யார் என்பதுதான்.

[திரையில்: இரண்டு அட்டைகள். ஒன்றில் ஏ.ஆர்.என்., மற்றொன்றில் ஐ.என்.ஏ.]

கமிஷன் பெறுபவர், உங்களிடம் கட்டணம் பெறுபவர் என்று இந்தியச் சட்டம் இரு வகையினரையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி அமைப்பில் பதிவு செய்து, ஏ.ஆர்.என். என்று தொடங்கும் எண் ஒன்றைப் பெற்றிருப்பார். அவர் வழியாக நீங்கள் முதலீடு செய்யும் ரெகுலர் திட்டத்திலிருந்து, பணம் அங்கே இருக்கும் காலம் முழுவதும் அவருக்குக் கமிஷன் போய்க்கொண்டிருக்கும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரோ 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் வருபவர். அவருடைய பதிவு எண் ஐ.என்.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும். அவர் உங்களிடமிருந்து மட்டுமே கட்டணம் பெறலாம். உங்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே அதே முதலீட்டில் கமிஷனும் வாங்குவதற்கு அனுமதி இல்லை. விநியோகஸ்தர்கள் தங்களைச் சுயேச்சையான நிதி ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது என்று 2020-இல் செய்யப்பட்ட திருத்தம் சொல்கிறது. ஆனாலும் பேச்சுவழக்கில் எல்லோருமே ஆலோசகர்தான் என்பதால், பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல் ஐ.என்.ஏ. எண்ணைக் கேட்டு வாங்கி, செபியின் இணையதளத்தில் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

விநியோகஸ்தர் என்றாலே ஏமாற்றுபவர் என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்புவது முதல் வாரிசு நியமனம் வரை ஓடியாடிச் செய்து கொடுக்கும் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால், அந்த உழைப்புக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ரெகுலர் திட்டத்துக்கும், விநியோகஸ்தர் இல்லாமல் நாமே முதலீடு செய்யும், 2013 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள டைரக்ட் திட்டத்துக்கும் இடையே செலவு வித்தியாசம் 0.8 சதவீதம் என்று கொண்டால், 10 லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் ஆகிறது. அது நியாயமான கூலியாக இருக்கலாம். அதுவே 37 லட்சமானால் ஆண்டுக்கு 29,600 ரூபாய், அதுவும் ஒவ்வோர் ஆண்டும். செபி ஆலோசகர் ஒருவர் ஓய்வுக்காலத் திட்டம் வகுத்துக் கொடுக்க ஒரே முறை 30,000 ரூபாய் கேட்டால் நமக்கு மனம் வலிக்கிறது, ஏனென்றால் அந்தப் பணத்தை நாமே கையால் எடுத்துக் கொடுக்கிறோம். ஃபண்டுக்குள்ளேயே கழிந்துபோகும் 29,600 ரூபாய் கண்ணில் படுவதில்லை. அதைக் கண்ணால் பார்க்க விரும்புவோர், மின்னஞ்சலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பார்க்கலாம். விநியோகஸ்தருக்குக் கொடுக்கப்பட்ட கமிஷன் ரூபாய்க் கணக்கில் அதில் அச்சிடப்பட்டிருக்கும்.

[காட்சி: அஞ்சலகக் கவுண்ட்டர்.]

இனி, அம்பத்தூர்க்காரருக்குக் கட்டணம் கொடுத்து ஆலோசகர் தேவைதானா? பாதி வேலைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். வட்டி 8.2 சதவீதம் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 2,46,000 ரூபாய், அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். 60 வயது நிரம்பாதவராக இருந்தாலும், 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர் என்றால், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கணக்குத் தொடங்கிவிடலாம். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் 60 வயதுவரை காத்திருக்க வேண்டும். இதை அஞ்சலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கட்டணம் எதுவும் இல்லை. வட்டியும் ஓய்வூதியமும் சேர்ந்து ஆண்டுக்கு 3,06,000 ரூபாய் ஆகிறது. செலவு 4,20,000 ரூபாய். குறையும் 1,14,000 ரூபாய், எஞ்சியுள்ள 37 லட்சத்திலிருந்து வர வேண்டும்.

முதல் ஆண்டில் இது சுலபம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும் என்பதுதான் சிக்கல். 70 வயதில் மாதம் 70,000 ரூபாய் தேவைப்படும். வட்டியோ மூன்று மாதத்துக்கு அதே 61,500 ரூபாயில் நிற்கும். அந்த 37 லட்சத்தில் எவ்வளவைப் பங்கு சார்ந்த ஃபண்டுகளில் வைப்பது, சந்தை சரியும் ஆண்டில் எதிலிருந்து எடுத்துச் செலவு செய்வது, வரியைக் குறைக்க எதை எந்த ஆண்டில் விற்பது, காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தத் தொகையைக் கொடுத்து ஆயுள்கால ஓய்வூதியத் திட்டம் ஒன்றை வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விகளுக்கு அஞ்சலகக் கவுண்ட்டரில் பதில் கிடைக்காது. குறிப்பாக ஆயுள்கால ஓய்வூதியம், காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்து 30 நாள் கழிந்தபின் எளிதில் திரும்பப் பெற முடியாத முடிவு. கட்டணம் கொடுத்து இன்னொருவரின் மூளையை வாடகைக்கு எடுக்க வேண்டிய இடம் இதுதான். தவறினால் திருத்திக்கொள்ளச் சம்பளம் இனி வராது.

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியருக்கு அகவிலைப்படியோடு மாதாமாதம் பணம் வந்துவிடுவதால், இந்தச் சிக்கலில் பெரும்பகுதி இல்லை. மொத்தச் சேமிப்பே 15 லட்சம்தான் என்பவருக்கு அஞ்சலகமும் வங்கியும் போதும். வங்கியில் வைக்கும்போது, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மாறாக, தன் காலத்துக்குப் பிறகும் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை உள்ளவர்கள், தொகை சிறிதானாலும் ஆலோசகரையும் வழக்கறிஞரையும் பார்ப்பதே நல்லது.

ஆலோசகரிடம் ஒருமுறைக் கட்டணத்துக்குத் திட்டம் மட்டும் வகுத்துத் தருவாரா என்று முதலில் கேளுங்கள். ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தில் ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் என்ற முறைக்கு செபியின் உச்சவரம்பு 2.5 சதவீதம். அதை ஒப்புக்கொண்டால், 67 லட்சத்தில் ஆண்டுக்கு 1,67,500 ரூபாய் வரை, அதாவது இவருடைய நான்கு மாதச் செலவுக்கும் மேலான தொகை கட்டணமாகவே போகலாம். வருமானத்துக்கு உத்தரவாதம் தருபவரையும், ரொக்கமாகக் கட்டணம் கேட்பவரையும், முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்பவரையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். மாதம் 20, 30 சதவீத வட்டி என்று விளம்பரம் செய்தவர்களிடம் ஓய்வுப் பணத்தைக் கொடுத்துவிட்டு, 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு முடியக் காத்திருப்போர் நம் ஊரில் குறைவில்லை.

அம்பத்தூர்க்காரர் 55 வயதிலேயே ஒருமுறையும், ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பு மறுபடியும் ஆலோசகரைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். பணம் கைக்கு வந்த பிறகு தேடத் தொடங்கினால், வங்கி அதிகாரி முந்திக்கொள்வார். இரண்டு சந்திப்புகளிலும் அவருடைய மனைவியும் உடன் இருக்க வேண்டும், ஏனென்றால் கணவர் மறைந்தபின் இந்தக் கணக்குகளைத் தனியாகப் பார்க்க வேண்டியவர் அவராக இருக்கலாம். அவர் ஒரு கேள்வி கேட்கும்போது, ஆலோசகர் அவரைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, கணவரைப் பார்த்துச் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.