பச்சோந்திக்குப் பெயர் வைப்பது

சபையோருக்கு வணக்கம். பச்சோந்தியைப் பற்றிப் பேச வந்த நான் ஒரு பாம்பிலிருந்து தொடங்குகிறேன்.

தான்சானியாவில் மகொம்பெரா என்றொரு காடு. அங்கே ஆய்வுக்குப் போன அன்ட்ரூ மார்ஷல் என்பவர், பச்சோந்தியை விழுங்கிக்கொண்டிருந்த மரப்பாம்பு ஒன்றுக்குக் கிட்டத் தெரியாமல் போய்விட்டார். பாம்பு வெருண்டு, வாயில் இருந்ததைக் கக்கிவிட்டு ஓடிவிட்டது. கக்கிய பிராணியைப் பார்த்தால், அறிந்த எந்த இனத்தோடும் அது ஒத்துவரவில்லை. 2009இல் அதற்குக் கின்யோங்கியா மகொம்பெரே என்று பெயர் வைத்தார்கள்.

பத்திரிகைக்கு நல்ல கதைதான். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, கண்டெடுத்ததற்கும் பெயர் வைத்ததற்கும் நடுவில் நடக்கிற வேலை. பச்சோந்தியில் முதலில் கண்ணுக்குப் படுவது நிறம். அதை வைத்து இனம் பிரிக்கப் போனால் மாட்டிக்கொள்வோம். கோபம், குளிர், சோடி தேடும் காலம் எல்லாவற்றுக்கும் அது மாறும். தோலின் கலங்களுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால்தான் இந்த மாற்றம் என்று ஜெனீவா ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். செத்து மதுசாரப் போத்தலுக்குள் போனபின் அந்த நிறமும் மங்கிப்போகும்.

ஆகவே மாறாததைப் பார்க்க வேண்டும். மண்டையோடு, செதில், மரபணு, அப்புறம் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், இது விஞ்ஞானம். வெளிப்பார்வைக்கு அச்சொட்டாக ஒன்றாகத் தெரியும் இரண்டு இனங்களை அந்த உறுப்பு பிரித்துக் காட்டிவிடும்.

உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. ஏறக்குறைய பாதி மடகஸ்காரில். அந்தத் தீவின் வடக்கே சொராட்டா மலையில் 2012இல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடைத்தன. அந்த இரண்டே இரண்டுதான். ஆணின் உடல், வாலை விட்டுப் பார்த்தால், 13.5 மில்லிமீற்றர். விரல் நுனியில் இருத்தலாம். குட்டியாக இருக்குமோ என்று யாரும் கேட்பார்கள்தானே? ஆணின் உறுப்பு முழுதாக வளர்ந்திருந்தது. உடலின் அளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! பெண்ணை நுண் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது உள்ளே இரண்டு முட்டைகள். சரி, வளர்ந்தவைதான். புரூக்கேசியா நானா என்ற பெயரோடு அது வெளியானது 2021இல்.

நிறம் அடியோடு பயனற்றது என்றும் சொல்லமாட்டேன். மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்திகள் 324இலிருந்து துளித்துளியாக இரத்தம் எடுத்தும், படங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தும், ஓர் இனம் என்று நினைத்ததற்குள் 11 தனித்தனி வம்சங்கள் இருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. நிற வேறுபாடும் மரபணு வேறுபாடும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆனால் கண்மதிப்பில் அதைச் சொல்லியிருக்க முடியாது.

பெயர் வைப்பதற்காக ஓர் உயிரைப் போத்தலில் போடுவதா என்று கேட்கிறார்கள். எனக்கும் அது உறுத்தல்தான். படமும் ஒரு துளி இரத்தமும் போதும் என்று வாதிடுவோரும் உண்டு. நான் உடலையே மாதிரியாகப் பேணி வைப்பதன் பக்கம் நிற்கிறேன், காரணம் சொல்கிறேன். மியன்மாரில் எடுத்த அம்பருக்குள், அதாவது இறுகிக் கல்லான மரப்பிசினுக்குள், ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பழைமையான ஒரு சின்ன உடல் இருந்தது. நாக்கெலும்பு நீளமாக இருந்ததால், உலகின் மிகப் பழைய பச்சோந்தி என்று 2016இல் அறிவித்தார்கள். பின்னர் அதே வகையில் நன்றாகப் பேணப்பட்ட ஒரு மண்டையோடு கிடைத்தது. பழைய மாதிரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அது ஊர்வனவே இல்லை, அழிந்துபோன ஓர் ஈரூடகவாழி என்று 2020இல் அதே ஆய்வாளர்களில் சிலரே எழுதினார்கள். மாதிரி பத்திரமாக இருந்தபடியால் திருத்தம் வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் இருப்பது ஒரே பச்சோந்தி இனம், கமேலியோ சைலானிகஸ். 1768இல் லோரென்டி என்ற இயற்கை ஆய்வாளர் வைத்த பெயர். புத்தளம், மன்னார் போன்ற வரண்ட பகுதிகளில் வாழ்வதற்கும், பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவில் வாழ்வதற்கும் அந்த ஒரே பெயர்தான். நடுவில் கடல் கிடக்கிறது. மடகஸ்காரில் ஒரே தீவுக்குள்ளேயே 11 வம்சங்கள் பிரிந்திருக்குமானால் இங்கும் ஒருமுறை மரபணுவைப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

புத்தளம், மன்னார் பக்கம் உறவினர் உள்ளவர்கள் உதவலாம். இரவில் ரோர்ச் அடித்தால் கொப்பில் தூங்கும் பச்சோந்தி வெளிறித் தெரியும். பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டாம். படமும் திகதியும் இடமும் போதும். அனுப்புமுன் காலைப் பாருங்கள். பச்சோந்தியின் விரல்கள் இரண்டு கட்டாகச் சேர்ந்து இடுக்கி மாதிரிக் கொப்பைப் பிடித்திருக்கும். தனித்தனியாக விரிந்திருந்தால் அது ஓணான், வெள்ளவத்தை மதில்களிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.