பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு செவ்வாய்க்கிழமை

வணக்கம். இந்தக் காணொளியில் என் முகம் தெரியாது. கேமராவை மொட்டைமாடியின் துணிக்கொடியைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். வெட்கத்தால் அல்ல. குடியை நிறுத்த விரும்புபவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம் ஊர் வழக்கில் ஏ.ஏ., தனக்கென்று வைத்திருக்கும் பன்னிரண்டு மரபுகளில் ஒன்று, உறுப்பினர்கள் பத்திரிகையிலும் வானொலியிலும் திரையிலும் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. யூடியூப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது என்றாலும் யூடியூபுக்கும் அது பொருந்தும் என்றே நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே லுங்கிகள் காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

ஏ.ஏ. கூட்டத்துக்கு எப்படிப் போவது என்று சொல்வதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கலாம். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு மருத்துவர்தான் வேண்டும், கூட்டம் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கான சிகிச்சை கிடைக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால், 14446 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

சரி, கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்த தவற்றைச் சொன்னாலே பாதி விடை வந்துவிடும். எங்கோ கிடைத்த ஒரு பழைய முகவரியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு பள்ளியின் வாசலில் போய் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. கூட்டம் வேறு இடத்துக்கு மாறி மாதங்கள் ஆகியிருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது. அங்கே வரும் தைரியத்தைச் சேர்க்க எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்திருந்தன. திரும்பும் வழியில் இருந்த மதுக்கடையை அடைய ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அன்று நான் குடித்தேன்.

ஆகவே முகவரியை நம்பாதீர்கள், மனிதரை நம்புங்கள். ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் தேவாலய வளாகங்களிலும் பள்ளி வகுப்பறைகளிலும் இரவல் இடத்தில் நடப்பவை. இடம் கொடுத்தவருக்கு வேறு தேவை வந்தால் மாறிவிடும். அமைப்பின் இந்திய இணையதளத்தில் உள்ள உதவி எண்ணை அழைத்தால், எடுப்பவரும் பெரும்பாலும் குடியை நிறுத்திய ஒருவராகவே இருப்பார். கூட்டம் எந்த நாள், எந்த மொழியில், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று அவரிடம் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் என யாரும் கூட வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். இன்னொன்றும் கேளுங்கள்: "வாசலில் யாராவது எனக்காக நிற்பார்களா?" இரண்டாம் முறை நான் அப்படிக் கேட்டதால்தான் உள்ளே போனேன்.

இந்த அமைப்பு பிறந்ததே ஒரு தொலைபேசி அழைப்பில்தான். 1935 மே மாதம், தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்து தோற்றுப்போன பில் என்ற பங்குத் தரகர், விடுதியின் முன்கூடத்தில் மதுக்கூடத்தின் சத்தத்தைக் கேட்டபடி நின்று, அங்கே மாட்டியிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். மறுபடி குடித்துவிடாமல் இருக்க அவர் பேசத் தேடியது தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியை. கிடைத்தவர் பாப் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம்தான் பலருக்கு. வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள் இருக்கும், தேநீர் இருக்கும். ஒருவர் எழுந்து, தன் முதல் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள்; திருமண வீட்டில் மாமாக்கள் சொல்லும் அறிவுரையைக் கேட்டுக் காது புளித்த எனக்கு அதுவே பெரிய ஆறுதல். நீங்கள் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. நான் முதல் மூன்று கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. கட்டணமும் இல்லை. முடிவில் ஒரு பை சுற்றி வரும், விரும்பினால் போடலாம்; வெளியார் நன்கொடையை அவர்கள் வாங்குவதில்லை.

கடவுள் என்ற சொல் அடிக்கடி வரும் என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு அது நெருடியது, இன்றும் சில நாட்களில் நெருடுகிறது. "நாம் உணர்ந்தபடியான கடவுள்" என்று அவர்களே இடம் விட்டிருப்பதால் நான் அந்த இடத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்களை வைத்துக்கொண்டேன். பிரார்த்தனையைப் பார்த்து இதை அறிவியலுக்கு எதிரானது என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2020ல் 27 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வு, முற்றிலும் குடிக்காமல் இருப்பதைப் பொறுத்தவரை, முறைப்படி நடத்தப்படும் ஏ.ஏ. வழிச் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சிறந்த பலன் தந்ததாகக் கண்டது.

முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொரு குழுவுக்குப் போங்கள். நான் நான்காவது குழுவில்தான் நிலைத்தேன். முந்தைய மூன்றில் ஒன்றில் ஒருவர் மட்டுமே நாற்பது நிமிடம் பேசினார், பாவம், தன் கதையைச் சொல்ல அவருக்கு வேறு இடமில்லை. குடிப்பவர் வர மறுத்தாலும், அவரோடு வாழ்கிறவர்களுக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டங்கள் உண்டு. என் மனைவி எனக்கு ஆறு மாதம் முன்பே அங்கே போகத் தொடங்கியிருந்தாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை. தேநீர் போடும் முறை என்னுடையது; பாலும் வாங்க வேண்டும், ஆறரைக்கே வாசலுக்கும் போக வேண்டும். நேற்று இரவு புதிதாக ஒருவர் உதவி எண்ணை அழைத்திருக்கிறார்.